32 செக்மென்டில் ஒன்று மட்டும் திணறினால்

ஒரே டேட்டாபேஸைப் பல சர்வரில் பிரித்து வைக்கிற கிரீன்பிளம் மெதுவாக ஓடுகிறது என்றதுமே மெமரியைக் கூட்டலாமா, புது சர்வர் வாங்கலாமா என்று பேச்சு ஆரம்பித்துவிடும். செலவுக்குப் போவதற்கு முன்னால் பெரிய டேபிள்களின் டிஸ்ட்ரிபியூஷன் கீ என்னவென்று பாருங்க. எந்த வரிசை எந்த செக்மென்டுக்கு (டேட்டாவின் ஒரு பங்கை வைத்து வேலைசெய்கிற பகுதி) போகும் என்று முடிவுசெய்கிற காலம் (நெடுவரிசை) அதுதான்.

திருப்பூர் பவர்டேபிள் (பனியன் தைக்கிற கூடம்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். 32 டெய்லர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பண்டலையெல்லாம் ஒருத்தர் மெஷின் பக்கத்திலேயே குவித்தால் மற்ற 31 பேரும் டீக்குப் போய்விடலாம். அந்த ஒருத்தர் தைத்து முடித்தால்தான் சரக்கு வண்டி ஏறும். குவெரியும் இப்படித்தானுங்க: கடைசி செக்மென்ட் முடிக்காமல் பதில் வராது.

4 சர்வர், ஒவ்வொன்றிலும் 8 பிரைமரி (குவெரிக்கு வேலைசெய்கிற செக்மென்ட்), ஆக 32 செக்மென்ட். பனியன் ஆர்டர் டேபிளில் 32 கோடி வரிசை என்று வைத்துக்கொள்ளுங்க. திரும்ப வராத ஆர்டர் வரி எண் கீயாக இருந்தால் செக்மென்டுக்கு ஏறக்குறைய 1 கோடி. பையர் கோடு கீயாக இருந்து, பையர் 12 பேர்தான் என்றால், குறைந்தது 20 செக்மென்ட் காலி. ஒரு பையருக்கே 40 சதவீத ஆர்டர் போகிறதென்றால் ஒரே செக்மென்டில் 12.8 கோடி வரிசை குவியும். கீ காலமில் நல் (எதுவும் நிரப்பாத வெற்று) மதிப்பு நிறைய இருந்தாலும் இதே கதிதான். நல் எல்லாம் ஒரே செக்மென்டுக்குப் போய்ச் சேரும்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. டேபிள் உருவாக்கும்போது கீயைக் குறிப்பிடாமல், பிரைமரி கீயும் இல்லாமல் விட்டால், வழக்கமான அமைப்பில் முதல் காலமே கீயாகிவிடும். ஈஆர்பியிலிருந்து (கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்) இறக்கிய டேபிளில் முதல் காலம் பெரும்பாலும் கம்பெனி கோடு. எல்லா வரிசையிலும் ஒரே மதிப்பு!

சோதிப்பது எளிது. வரிசை எந்த செக்மென்டில் இருக்கிறது என்று சொல்கிற ஜிபி_செக்மென்ட்_ஐடி வாரியாக குரூப் பை போட்டு கவுண்ட் எடுங்க. கிரீன்பிளத்தோடு வருகிற ஜிபி_டூல்கிட்டில், ஏற்றத்தாழ்வை அளந்து காட்டுகிற ஸ்கியூ கோஎஃபிஷியன்ட் வியூவும் இருக்கிறது, ஆனால் அது டேபிள்களை முழுக்கப் படிக்கும், பகலில் தொடவேண்டாம். மாற்றுவதற்கு ஆல்டர் டேபிள், செட் டிஸ்ட்ரிபியூட்டட் பை. டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படுவதால் அதே அளவு இடம் இன்னொரு பங்கு வேண்டும். முடியும்வரை செலக்ட்கூட லாக்கில் (பூட்டில்) காத்து நிற்கும். ராத்திரியில் வையுங்க, முடிந்ததும் டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கிற அனலைஸ் ஓட்டுங்க.

கவுண்ட் சமமாக இருந்தும் குவெரி இழுத்தால், அது ஓடிய விதத்தைப் படிப்படியாகக் காட்டுகிற எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பாருங்க. பையர் கோடில் ஜாயின் போட்டால் ரீடிஸ்ட்ரிபியூட் மோஷன் (வரிசைகளை செக்மென்டுகளுக்கு மறுபடி பங்கிடுவது) வந்து, சீராகக் கிடந்த வரிசைகளை ஓடும்போதே ஒரு செக்மென்டில் கொண்டுபோய்க் கொட்டும். அங்கே மெமரி பற்றாமல் டிஸ்க்கில் ஸ்பில் ஃபைல் (தற்காலிகக் கோப்பு) எழுத ஆரம்பிக்கும். பையர் மாஸ்டர் போன்ற சின்ன டேபிளை, 6-ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிற டிஸ்ட்ரிபியூட்டட் ரெப்ளிகேட்டட் (செக்மென்டுக்கு ஒரு முழு நகல்) ஆக வைத்தால் பெரிய டேபிள் இடம்பெயர வேண்டியதில்லை. இரண்டுமே பெரிய டேபிள் என்றால் ஜாயின் காலமையே இரண்டிலும் கீயாக வையுங்க, டேட்டா டைப்பும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் இண்டிஜர் (எண்), மற்றதில் வார்ச்சர் (எழுத்து) என்றால் பக்கத்தில் வைத்தும் பயனில்லை.

ஸ்பில் பெருகினால் அந்த ஹோஸ்டின் டிஸ்க்தான் முதலில் நிரம்பும். பிரைமரி பதில் சொல்லாமல் போனால் செக்மென்டுகளைக் கண்காணிக்கிற எஃப்டிஎஸ், மிரரை (பிரைமரியின் மாற்று நகல்) அதன் இடத்துக்கு ஏற்றிவிடும். வேலை நிற்காது என்பதால் யாருக்கும் தெரியாது. மிரர் இருக்கிற ஹோஸ்ட் மட்டும் கூடுதல் சுமையில் தள்ளாடிக்கொண்டிருக்கும். அதனால் தினமும் காலையில், சிக்கலில் இருக்கிற செக்மென்டைக் காட்டுகிற ஜிபிஸ்டேட் -ஈ ஓட்டுவது நல்லது.

செக்மென்ட் விழுந்திருந்தால் உடனே மீட்பில் இறங்காதீங்க. முதலில் அதன் லாக் ஃபைல் (நிகழ்வுப் பதிவு), பிறகு டிஸ்க் இடம், பிறகு நெட்வொர்க். காரணத்தைச் சரிசெய்யாமல் எழுப்பினால் திரும்பவும் விழும். அப்புறம் விழுந்த செக்மென்டை மீட்கிற ஜிபிரெகவர்செக். அது தோற்றால் மட்டும் -எஃப் (பெரிய எழுத்து), ஏனென்றால் அது முழு நகல் எடுக்கும், நேரம் பிடிக்கும். எல்லா மிரரும் சின்க்ரனைஸ்டு என்று காட்டியபிறகு, ஜிபிரெகவர்செக் -ஆர் கொடுத்து பழைய பிரைமரிகளை அவற்றின் இடத்துக்கே கொண்டுவாங்க. ஓடிக்கொண்டிருக்கிற குவெரிகளை -ஆர் ரத்துசெய்துவிடும்; மாதக் கடைசி ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டிருக்கும் அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுத்துங்க.