பரங்கிமலைப் படிகளில் அம்மாவின் நேர்ச்சை

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சென்னைப் பரங்கிமலைக் கோயிலுக்குப் படியேறியே வருகிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தார். ஆண்டவர் இரக்கத்தால் தம்பி எழுந்து நடமாடுகிறான், வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டான். அம்மாவுக்குத்தான் மூட்டுவலி. "மேலே வரைக்கும் வண்டி போகும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "நான் நேர்ந்தது படிக்கு, காருக்கு இல்ல" என்று முடித்துவிட்டார்.

போனது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்டேஷனில் இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். அடிவாரத்தில் மெழுகுவர்த்தி விற்பவர்கள் விடாமல் பின்னாலேயே வந்தார்கள். அதெல்லாம் அவர்கள் பிழைப்பு, போகட்டும். இயேசு சிலுவை சுமந்த பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை நடக்கிற படியிலேயே வழியை மறித்து நின்று, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தோடு செல்ஃபி எடுக்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முழந்தாளிட்டு ஜெபிக்கிற ஒரு பாட்டியைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். கொஞ்சம் ஓரமாகப் போகக் கூடாதா?

நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த புண்ணியம். ஒவ்வொரு ஸ்தலத்திலும் நின்று ஜெபித்துக்கொண்டே வந்த அம்மா, பாதிக்கு மேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டியைத் தேய்த்துவிட்டபடி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர்விட்டதாகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர் தோமையாரைப் பற்றியே நினைப்பு ஓடியது.

சந்தேகத் தோமா என்று சொல்லியே பழகிவிட்டோம். யோவான் நற்செய்தியில் அவர் பேசுகிற இடங்களைச் சேர்த்து வாசித்தால் வேறு மனிதர் தெரிகிறார். இறந்துபோன நண்பர் லாசரிடம் போக யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்களே என்று மற்றச் சீடர்கள் தயங்கியபோது, "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்றவர் அவர்தான். கடைசி இராவுணவில், நீர் எங்கே போகிறீர் என்றே எங்களுக்குத் தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதால்தான் "வழியும் உண்மையும் வாழ்வும் நானே" என்ற வார்த்தை நமக்குக் கிடைத்தது! உயிர்ப்புக்குப் பிறகும் தழும்பைத் தொடாமல் நம்பமாட்டேன் என்றார். ஆண்டவர் அவரை ஒதுக்கிவிட்டாரா என்ன? எட்டு நாள் கழித்து, பூட்டிய கதவுக்குள் மறுபடி வந்து, இதோ என் கைகள், உன் விரலை இங்கே இடு என்றார். மனசில் உள்ளதை ஆண்டவரிடம் மறைக்கத் தெரியாதவர் தோமையார். எனக்கோ புத்தக ஜெபம் சரளமாக வரும், மனசில் இருப்பது மட்டும் வாய்க்கு வராது.

அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தார். மீதிப் படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

கோயிலுக்குள் பீடத்தில் அந்தக் கற்சிலுவை. 1547-இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் இரத்தம் வியர்த்ததாகச் சொல்லப்படும் சிலுவை. பின்னால் கூட்டம் நெருக்கியது, நகருங்கள் நகருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஜெபமாலை கையில் சும்மா தொங்கியது. வாய்விட்டே பேச ஆரம்பித்தார்: "சேசுவே, ஐ.சி.யூ. வாசல்ல அந்த ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேனே, நீர் எங்கய்யா போயிருந்தீர்? எவ்வளவு கோபம் தெரியுமா உம்மேல எனக்கு?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த மூச்சிலேயே, "பிள்ளைய குடுத்திட்டீர் ராசா, குடுத்திட்டீர்" என்று தேம்பினார். நகரச் சொன்ன குரலும் அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

நானும் அங்கேயே முழந்தாளிட்டேன். பல மாதங்களாக அடக்கி வைத்திருந்த பயம், கடன், மருத்துவமனையில் அலைந்த அலைச்சல், எல்லாவற்றையும் அம்மாவைப் போலவே பேச்சாகச் சொன்னேன். என் ஆண்டவரே, என் தேவனே! எங்கள் வீட்டுப் பிள்ளையைத் திருப்பித் தந்த உமக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்! அந்த இரவில் இரத்தம் கொடுத்த பையன்கள், கண் மூடாத நர்ஸ் அம்மா, பெயர் தெரியாமல் எங்களுக்காக ஜெபித்தவர்கள், அத்தனை பேரையும் ஆசீர்வதியும் சாமி. டிசம்பர் 18 மாதா திருவிழாவுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். அவனும் படியேறித்தான் வருவான் என்று அம்மா இப்போதே நேர்ந்துவிட்டார்.