பேட்டரி மாற்றியும் செல்ஃப் எடுக்காத பிக்கப்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போய் நின்றதும், வோல்டேஜ் பார்க்கும் மீட்டரைக் கையில் எடுக்காமலேயே "பேட்டரி போச்சு" என்று சொல்லும் கடைப்பக்கம் இனி நான் போவதாக இல்லை. என்னுடைய பழைய டீசல் பிக்கப்பில் நல்ல பேட்டரி ஒன்று அப்படித்தான் பறிபோனது. உண்மையான கோளாறைச் சரிசெய்ய 300 ரூபாய்கூட ஆகவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும். செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே சத்தம், விளக்குகள் மங்கிவிடும். கொஞ்சம் பொறுத்து அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். காலையில் தோட்டத்தில் ஒழுங்காக எடுக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எடுக்காது. பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹார்ன் அடிக்க, லோடுமேன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். பட்டறை வாசலில் மட்டும் ஒருநாளும் மக்கர் செய்யாது. "நல்லாத்தானே இருக்கு, போங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

முதலில் பேட்டரி மாற்றினார்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் நிம்மதி, மறுபடியும் 'டக்'. அடுத்த இடத்தில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் பிரஷ் எல்லாம் போட்டார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான். அங்கே இன்னொன்றும் செய்யப் பார்த்தார்கள்: பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போனார்கள். கையைப் பிடித்து நிறுத்தினேன். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். வோல்டேஜ் திடீரென்று எகிறி டைனமோவின் டையோடு போய்விடும், எலக்ட்ரானிக்ஸ் உள்ள வண்டியில் அதுவும் சேர்ந்து போகும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்து 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதற்கு நடுவே ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிப்போய் அதையும் மாற்றியிருந்தோம். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் தானாக மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். இதையெல்லாம் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, ஹெட்லைட் போட்டா முள் ஏறுதுன்னு சொன்னீங்கள்ல, அதுதான் விஷயம். இன்ஜினுக்கு எர்த் இல்ல." அதாவது, இன்ஜினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ்வுக்குக் கரண்ட் திரும்பிப் போகும் பாதை சரியில்லை.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தார். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், சிவப்பு முனை இன்ஜினின் வெற்று உலோகத்தில். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாத இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டியதில் கால்வாசி அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது.

கியர்பாக்ஸிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகும் எர்த் கேபிள்தான் குற்றவாளி. வெளியே பார்த்தால் நன்றாகவே இருந்தது. முந்தைய பட்டறையில் அதே கேபிளில் மீட்டரின் பஸ்ஸர் வைத்து 'பீப்' வருகிறது, நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தார்கள். உறையைக் கீறிப் பார்த்தால் கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்குக்குப் பக்கத்தில் செம்பு பச்சை பூத்து, சில இழைகள்தான் மிச்சம். பஸ்ஸர் சத்தம் போட ஒரே ஒரு இழை போதும். டீசல் இன்ஜினைச் சுழற்றும் மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அது அந்த இழைகள் வழியே போக முடியாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. சூடேறித்தான் அந்தக் கேபிள் இறுகியிருக்கிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது இந்தக் கேபிள் அசைந்திருக்கும், அதனால்தான் கொஞ்ச நாள் ஓடியது என்றார்.

தடிமனான செம்பு கேபிளில் இருபக்கமும் லக் அடித்து, சேஸிஸில் பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அரை மணி நேர வேலை. மறுபடி மீட்டர் வைத்தபோது 0.2 வோல்ட்டுக்குக் கீழே. அன்றைக்கே டெம்பரேச்சர் முள்ளும் ஆட்டம் நின்றுபோனது. அந்த ஒரு சத்தத்தில், ஒரே அடியில் இன்ஜின் எடுத்தபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீட்டர் இல்லாத இடத்தில் நின்றுவிட்டால் இதைச் செய்து பாருங்கள். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை உங்கள் பேட்டரியின் நெகட்டிவ்விலும், மறுமுனையை நேராக இன்ஜின் உலோகத்திலும் கவ்வ விடுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டால் எர்த்தில்தான் கோளாறு. அப்போதும் 'டக்' என்றால் பாசிட்டிவ் கேபிள், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துவிடும் சோலனாய்டு என்று அடுத்ததைப் பாருங்கள்.

புது பேட்டரியைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. பழையதாவது கிடைக்குமா என்று கேட்டேன், அது எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அதனால் பேட்டரி மாற்றச் சொன்னால் முதலில் பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோட் டெஸ்டர் வைத்து, பதினைந்து விநாடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை வேறு கடைக்கு எடுத்துப் போய்விடுங்கள். வேறு வழியில்லாமல் புதியது வாங்கினாலும், கோளாறு தீர்ந்தது உறுதியாகும்வரை பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்திருங்கள்.