காற்று செத்துக் கிடந்த மத்தியானம்

குமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில், பலமான காற்றுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி மண். காற்று விநாடிக்கு 25 மீட்டரைத் தொட்டால் காற்றாலை தானாகவே நின்றுவிடும். அதனால் பெரிய பழுதுவேலைகளை எல்லாம் ஐப்பசிக்குத் தள்ளிவைப்போம், காற்று அடங்கியிருக்கும் என்று.

அப்படி ஒரு ஐப்பசி மத்தியானம். ஐம்பது மீட்டர் உயரத்தில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரின் கிண்ணங்கள் அசையவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கீழேயிருந்து மூத்த டெக்னீஷியன் அண்ணன் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்: "மக்கா, காத்து செத்துக் கெடக்கு பாத்தியா? தாடகை மலைக்கு மேல பாரு. எறங்கிரு."

காலையில் பஞ்சுப்பொதி அளவில் இருந்த மேகம், இப்போது காலிஃபிளவர் போல ஓரம் திரண்டு, பார்க்கப் பார்க்க உயர்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலோ, "அரை மணி நேர வேலைதானே, முடிச்சிட்டு இறங்குங்க" என்றார்கள். நான் அலுவலகத்தின் பேச்சைக் கேட்டேன்.

திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அறைந்தது. கிண்ணங்கள் சுழன்றன. ஏணியில் பாதி இறங்கியிருந்தபோது அடுத்த காற்றாலையில் இடி விழுந்தது. உள்ளே இரும்புக்கூடு முழுவதும் மணி அடித்ததுபோல் அதிர்ந்தது. கீழே வந்து சேர்ந்தபோது அண்ணன் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எதிரே, இறக்கை ஒன்றின் நுனி பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அப்புறம்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இடிமேகத்துக்கு மூன்று வேண்டும்: ஈரம், கீழே சூடும் மேலே குளிரும், அந்தக் காற்றைத் தூக்கிவிட ஏதாவது ஒன்று. ஐப்பசியில் கடல் ஈரத்தைத் தருகிறது, வெயில் தரையைச் சுடவைக்கிறது, மலை தூக்கிவிடுகிறது. ஈரம் மேலே போய் நீர்த்துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளும். சில மேகங்கள் 15 கிலோமீட்டர் வரைகூட வளரும். மழையோடு சரிந்து இறங்கும் குளிர்காற்றுதான் என் முகத்தில் அறைந்தது. ஆடியில் நாங்கள் பயந்த காற்றோ, மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு உலர்ந்து வருவது. அதில் இடிமேகம் வளர்வது கஷ்டம்.

புயலுக்கும் இதே கதைதான், அளவுதான் பெரிது. கடல்நீர் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை 26.5 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். நடு உயரத்துக் காற்றிலும் ஈரம் வேண்டும். ஏற்கெனவே ஒரு தாழ்வுப் பகுதி இருக்க வேண்டும். கீழ்க்காற்றும் மேல்காற்றும் எதிரெதிராக இழுக்கக் கூடாது. இழுத்தால் வளரும் புயலின் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் ஆகிவிடும். ஆடியில் கீழே மேற்குக்காற்று, மிக உயரத்தில் கிழக்குக்காற்று. அதனால்தான் காற்று அதிகமான அந்த மாதங்களில் நம் கடலில் புயல் பிறப்பது அபூர்வம். சித்திரை, வைகாசியும் ஐப்பசி முதல் மார்கழி வரையும்தான் அதற்கான காலம். பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசையும் வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டி அது கிடையாது. குமரிமுனை 8 டிகிரியில் இருக்கிறது. விசை குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. "நம்ம ஊருக்குப் புயல் வராது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டதை நானும் நம்பியிருந்தேன்.

2017 நவம்பர் 29 அன்று தென்மேற்கு வங்கக்கடலில் இலங்கைக்கு அருகே அது வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் காலை குமரிமுனைக்குத் தெற்கே ஒக்கி என்ற பெயரோடு புயலாக நின்றது. இடையில் ஒரே நாள். ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் என்று பெயர் வைத்த பிறகு வரும் அறிவிப்பு, ஆழ்கடலில் இருப்பவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? கடல் சூடாக இருக்கிறது, மேல்காற்று தளர்ந்திருக்கிறது, ஒரு தாழ்வும் வந்துவிட்டது என்ற அந்த நிலையிலேயே, பெயருக்காகக் காத்திருக்காமல், கடலுக்குப் போகிறவர்களிடம் அவர்களுடைய பேச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அன்று காலை எங்கள் ஷெட்டில் தூத்தூர்க்காரப் பையன் ஒருவன் இருந்தான். அவன் மச்சான் தூண்டில் படகில் கடலுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று, போனை மழை படாமல் கையால் மூடிக்கொண்டு, அவன் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான்.