மாயாபந்தருக்குப் போன கிரைண்டர்

அந்தமானில், மாயாபந்தரில் இருக்கும் என் மச்சான் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கடைக்குப் பெரிய டில்டிங் கிரைண்டர் (டிரம்மைச் சாய்த்து மாவை எடுக்கும் வகை) வேண்டுமென்றார். கோவையில் வாங்கி அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. கோவையிலிருந்து சென்னைக்கு லாரி, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பல், அங்கிருந்து வடக்கே மறுபடியும் லாரி. எல்லோரும் கடலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 1,200 கிலோமீட்டர்தான் நிம்மதியான பகுதி. சரக்கு கை மாறும் இடங்களில்தான் கவலையெல்லாம்.

முதலில் வாடகைக் கணக்கு. கப்பலில் எடை, கன அளவு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்குச் சமம். கிரைண்டர் 300 கிலோதான். அப்படியே பெட்டியடித்தால் 120 x 100 x 150 சென்டிமீட்டர், அதாவது 1.8 கன மீட்டர். வெற்றிடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். அதனால் ஃபிட்டரை வைத்து ஸ்டாண்டையும் டிரம்மையும் தனித்தனியாகக் கழற்றச் சொன்னேன். இரண்டு பெட்டியும் சேர்ந்து 0.78க்கு இறங்கியது. ஏஜென்ட் குறைந்தது ஒரு கன மீட்டருக்கு வாங்குவதால், மிச்ச இடத்துக்கு வி-பெல்ட், பேரிங், கெப்பாசிட்டர் என்று உதிரிப்பாகங்களை வாங்கி மூன்றாவது பெட்டி போட்டேன். பெல்ட் அறுந்தால் உடனே வாங்கப் பக்கத்தில் கடை கிடையாது.

பெட்டியடித்த தச்சர் கெட்டிக்காரர். கல்லுக்கும் பலகைக்கும் நடுவே பழைய டயர் டியூப் துண்டுகளைத் திணித்தார். அடியில் இரண்டு கட்டை அடித்து, ஃபோர்க்லிஃப்ட் நாக்கு நுழைய இடம் விட்டார். ஷாஃப்டில் கெட்டியாக கிரீஸ். மோட்டாருக்கு பாலித்தீன் உறை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். உப்புக்காற்றுக்கு இதெல்லாம் இல்லாமல் முடியாது.

அடுத்தது இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இது கட்டாயம். சாதாரண லாரிப் பயணம் என்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. வழியில் கப்பலும் உண்டு என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். விற்ற கம்பெனி வெறும் 'ரோடு' என்று போட்டிருந்தது. மொத்தத் தூரம் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். பத்து நாளில் பில் காலாவதி. சென்னை கோடவுனில் காத்திருப்பதற்கே அது போதாது. லாரி கிளம்புமுன் 'ரோடு கம் ஷிப்' என்று மாற்றி எடுக்க வைத்தேன். மூன்று மாதத்துக்கு மேல் கிடைத்தது.

கப்பல் தேதி தள்ளிக்கொண்டே போனது. ஏஜென்ட் எப்போது கேட்டாலும் "அடுத்த கப்பல் சார்" என்றார். ஏற்றியபின் சென்னையிலிருந்து மூன்று நாள் ஓட்டம்தான். சரக்கு எடுப்பவர் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டுமென்று முன்பே சொல்லியிருந்தேன். அதனால் போர்ட் பிளேரில் டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் சீட்டு) சிக்கலில்லாமல் கிடைத்தது. ஒரு பெட்டியின் பக்கப் பலகை உடைந்திருந்தது. மச்சான் உடனே போட்டோ எடுத்து அனுப்பினார். 2020இல் கடலடி இன்டர்நெட் கேபிள் வந்ததில் இதுவும் ஒரு வசதி. கையெழுத்துப் போடுமுன் ரசீதிலேயே "பலகை உடைந்துள்ளது" என்று எழுத வைத்தோம். அதில்லாமல் இன்ஷூரன்ஸ் கேட்கப் போனால் பதில் வராது. நல்லவேளை, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோடு. ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. வண்டிகளைக் கான்வாயாகத்தான் விடுவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. அந்த மக்களின் வீட்டு வாசல் வழியாக நம் சரக்கு போகிறது, அந்த மரியாதை வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற குறுகிய கடல்வழியில் லாரி ஃபெர்ரி ஏற வேண்டும். ஹம்ப்ரி ஸ்ட்ரெய்ட்டில் இப்போது பாலம் இருக்கிறது.

கழற்றும்போது நான் எடுத்த வீடியோவைப் பார்த்து மச்சானே கிரைண்டரை மறுபடியும் பொருத்திவிட்டார். இப்போது மிளகாய் அரைக்க மெஷின் கேட்கிறார். மே மாதத்துக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும். பருவக்காற்று தொடங்கிவிட்டால் கப்பல் தேதியை நம்ப முடியாது.