மேசைக்கு அடியில் கிடந்த மஞ்சள் கிண்ணம்

வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேலுக்குப் போனால் நான் முதலில் மேசைக்கு அடியில்தான் குனிவேன். நல்லதெல்லாம் அங்கேதான், பழைய செய்தித்தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் கிடக்கும். போன சனிக்கிழமை பெரிய மஞ்சள் கிண்ணம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கவிழ்த்துப் பார்த்தேன்: பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம், மாடல் எண் 404. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1945-இல் கொண்டுவந்த நான்கு வண்ணச் செட்டில் இதுதான் பெரியது. உள்ளே பால்வெள்ளை, வெளியே மட்டும் நிறம். சிவப்பும் நீலமும் என்னிடம் உண்டு. பச்சைதான் இன்னும் சிக்கவில்லை.

விளிம்பில் விரலை ஓட்டினேன், எங்கும் சில்லு பெயரவில்லை. ஆனால் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளிறிக் கிடந்தது. டிஷ்வாஷரில் போட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்கள், பாவிகள்! அந்த மினுமினுப்பு இனி திரும்பாது. இருந்தாலும் விட மனசு வரவில்லை.

பக்கத்திலிருந்த பச்சைக் கண்ணாடித் தட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தேன். யுரேனியம் கலந்த கண்ணாடியென்றால் பளீரென்று ஒளிர்ந்திருக்கும். ம்ஹூம். வைத்துவிட்டு வந்தேன்.