மல்லியை வல்லாளப்பட்டிக்குக் கொண்டுபோனோம்

"புதைக்க இடம் ஏதாவது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது எங்கள் நாய் மல்லி மேசைக்கு அடியில் படுத்து வாலாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி வாடகை வீடு. பூந்தொட்டி வைக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அன்று இரவே மேலூர் பக்கம் அ.வல்லாளப்பட்டியில் தோட்டம் வைத்திருக்கும் மாமாவிடம் பேசிவிட்டேன். மதுரைக்குள் வாடகைக்குக் குடியிருந்து நாய் வளர்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது. அழுகிற நேரத்தில் இடம் தேட முடியாது.

மல்லி மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிடைத்த நாட்டு நாய். ஈரச் சாக்குகளுக்கு நடுவே கிடந்த குட்டிகளில் கடுவன்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டை என்பதால் இவளை யாரும் தொடவில்லை. குட்டி போட்டுத் தொல்லை தரும் என்பார்கள். கருத்தடை அறுவைசிகிச்சை என்று ஒன்று இருப்பதே காதில் ஏறாது.

வயதானபின் சிறுநீரகம் கெட்டது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள், சோறு இறங்கவில்லை, வாயில் ஒரு நாற்றம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் திறனில் சுமார் 75 சதவீதம் போயிருக்கும் என்றார் மருத்துவர். வீட்டிலேயே தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரை ஏற்றக் கற்றுக்கொடுத்தார். பாட்டிலை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, முதுகுத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். ஏறிய நீர் ஒரு பக்கம் மேடாக நின்று, சில மணி நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். முதலில் கை நடுங்கியது; பிறகு அம்மாவே தனியாகச் செய்யப் பழகிவிட்டார். கருணைக்கொலைக்கு மட்டும் அவர் ஒப்பவில்லை. நான் ஒப்பியிருப்பேன். அந்தப் பேச்சு முடியவே இல்லை.

விடியற்காலையில் இறந்தாள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், உடனே கால்களை மடக்கி, தூங்கும் வாட்டத்தில் படுக்கவைத்தோம். இல்லையென்றால் தூக்குவதும் சிரமம், குழியும் பெரிதாக வெட்ட வேண்டும். சிறுநீர் கசியும் என்பதால் அடியில் பழைய துணிகளை விரித்தோம். மேலே அம்மாவின் நூல் சேலை. பாலித்தீன் மண்ணில் மக்காது, வேண்டாம்.

ஆட்டோக்காரர்கள் பொதியைப் பார்த்ததும் வர மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அடுத்த சவாரி என்ன சொல்லுமோ என்ற பயம் இருக்கும். காய்கறி ஏற்றும் தெரிந்த தம்பி தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தார்.

மாமா கிணற்றை விட்டுத் தள்ளி, வேம்புக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். சரளை மண். கடப்பாறை போட்டால்தான் மண்வெட்டி இறங்கும். இடுப்பளவு ஆழம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மேலாகப் புதைத்தால் மற்ற நாய்களே வந்து தோண்டிவிடும். கல்லுப்பைக் கொட்டினார், எதற்கு என்று கேட்டால் வழக்கம் என்றார். மூடியபின் கருவேல முள்ளை வெட்டிப்போட்டுக் கல் வைத்தோம். அம்மா தூக்குவாளியில் பால் கொண்டுவந்திருந்தார்.

"நாய்க்கெல்லாம் பால் ஊற்றுவார்களா அக்கா?"

"என் கையால் குடித்தவள்தானே? நீ தள்ளு."

மாமா தள்ளி நின்றார். மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று மனிதர்களுக்கு இருக்கிற வரிசை நாய்க்கு இல்லை. அடுத்து என்ன செய்வது என்று சொல்லவும் ஆள் கிடையாது. அலுவலகத்தில் விடுப்புக்குக் காரணம் "சொந்த வேலை" என்றுதான் எழுத முடிந்தது. "நாய்தானே, இன்னொன்று எடுங்கள்" என்றவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. வரலாறு படித்த நண்பர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் விழுந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளனைக் கடித்துக் காத்திருந்ததையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாயின் பெயர் நின்றிருக்கிறது. எனக்கு வந்த ஆறுதல்களில் இதுதான் உருப்படியானது.

பிரிக்காத பாட்டில்களை மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அங்கே வாங்க வழியில்லாமல் வருபவர்கள் உண்டு. சங்கிலியை அம்மா எடுத்து வைத்துவிட்டார், எங்கே என்று கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் மண் அரை அடி இறங்கிவிட்டதாக மாமா போனில் சொன்னார். வண்டி மண் அடித்து நிரப்பிவிட்டாராம். புதைக்கும்போதே மேடாகக் குவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அக்கா வெயிலில் நிற்கிறாரே என்று அவசரமாக முடித்திருக்கிறார்.