தக்கீலே தீவின் வண்ணங்களில் ஒரு மஃப்ளர்

பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏரியில் உள்ள தக்கீலே தீவில் ஊசி கொண்டு பின்னுபவர்கள் ஆண்கள். சிறுவயதிலேயே கற்றுக்கொண்டு, காது மூடும் குல்லாயை நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் பின்னுகிறார்கள். குல்லாயின் மேற்பாதி வெள்ளையாக இருந்தால் அணிந்திருப்பவர் மணமாகாதவர் என்று ஊருக்கே தெரியும். இத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் சிறப்பித்து அறிவித்தது.

அந்தக் குல்லாயின் கட்டங்களையும் பறவைகளையும் ஒரு மஃப்ளரில் இறக்கிப் பார்க்கும் ஆசையில்தான் ஊசியை எடுத்தேன். ஒரே வரிசையில் இரு நிற நூல்களைக் கொண்டு பின்னும்போது, முறை வராத நூல் பின்புறமாக ஓடிக்கொண்டிருக்கும். குல்லாயில் அது உள்ளே மறைந்துவிடும். மஃப்ளரிலோ இரு பக்கமும் வெளியில் தெரியும். ஆகவே வட்ட ஊசியில் குழாய் போலப் பின்னினேன். நூல் இரட்டிப்பாகச் செலவானாலும், கதகதப்பும் இரட்டிப்பாகக் கிடைக்கிறது.

தக்கீலே உள்ளிட்ட ஆண்டிஸ் மலைப்பகுதிக்காரர்கள் நூலைப் பிடரியைச் சுற்றிக் கொண்டுவந்து, பின்னலின் உட்புறம் தங்களைப் பார்த்திருக்க, கட்டைவிரலால் நூலைத் தள்ளித் தள்ளி பர்ல் எனப்படும் மறுபுறக் கண்ணிகளாகவே போடுகிறார்கள். நிட் எனப்படும் முன்புறக் கண்ணிக்குப் பழகிய கைக்கு முதலில் இது முரண்டு பிடிக்கும் என்றாலும், ஓடும் நூல்கள் கண்ணெதிரிலேயே கிடப்பதால் எது இறுகுகிறது, எது தொய்கிறது என்பது உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. ஐந்து கண்ணிக்கு மேல் நீளும் நூலை நடுவில் ஒருமுறை கோத்துவிடுவது நல்லது.

வண்ணமயம் என்றவுடன் கையில் உள்ள நிறங்களையெல்லாம் வரிக்கு வரி கொட்டிவிடுகிறோம். ஆண்டிஸ் துணிகளில் அப்படி இல்லை. அங்குள்ள பெண்கள் நெய்யும் தோள்போர்வையில், வேலைப்பாடுள்ள பட்டைகளுக்கு இடையே 'பம்பா' எனப்படும் வெறும் பட்டைகள் அகலமாக விடப்பட்டிருக்கும். பூவேலை எடுப்பாகத் தெரிவதே அதனால்தான். நானும் அடர்சிவப்பை அகலமாக விட்டு, இடையிடையே ரோஜா நிறமும் பச்சையும் வெள்ளையும் மாறிமாறி வரும் குறுகிய பட்டைகளை வைத்து, அவற்றின் இரு ஓரத்திலும் கறுப்பில் ஒரு மெல்லிய கோடு ஓட்டினேன். அந்தக் கறுப்பு இல்லையென்றால் ரோஜாநிறம் சிவப்போடு கரைந்துபோகும்.

அங்கே மரபாக இந்தச் சிவப்பு, சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வருகிறது. உலர்த்தி அரைத்த பூச்சிப்பொடியில் எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் ஆரஞ்சை நோக்கித் திரும்புகிறது. (18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இதே சாயத்துக்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்.) நான் வாங்கியது ஆலைச் சாயமேறிய செம்மறிக் கம்பளிதான், அல்பாக்கா என்ற ஆண்டிஸ் விலங்கின் ரோமத்தில் திரித்த நூல் பட்டுப்போல் இருந்தாலும் மீள்தன்மை குறைவு, நீண்ட மஃப்ளர் தன் எடையிலேயே தொய்ந்துவிடும்.

சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் பின்ன நினைப்பவர்கள், தொடங்கும் முன்பே சிவப்பு நூலில் ஒரு துண்டை வெள்ளைத் துணியில் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.